கொன்றை பூக்காத ஊரில் விஷு

1

எங்கள் பேருந்து நிறுத்தத்தின் ஓரமாக ஒரு வேலிச்செடி நிற்கிறது. ஃபோர்சித்தியா என்று பெயர். இலை துளிர்ப்பதற்கு முன்பே குச்சி முழுக்க மஞ்சளாகப் பூத்துவிடும். இந்த வருடம் மார்ச் தொடக்கத்திலேயே பூத்துவிட்டது. மாதக்கணக்கில் சாம்பல் வானத்தைப் பார்த்துச் சலித்துப்போன ஜனங்கள் பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் நாளை எண்ணிக்கொண்டு நின்றேன். இப்போதே பூத்துக் கொட்டிவிட்டால் சித்திரை ஒன்றாம் தேதிக்கு நான் எங்கே போவேன்?

தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தமிழ் வருடப் பிறப்பைச் சித்திரை விஷு என்போம். முந்தின நாள் இரவே சாமி முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, தாம்பாளத்தில் பச்சரிசி, வெள்ளரிக்காய், மாம்பழம், பலாச்சுளை, கழுத்துச் சங்கிலி எல்லாம் பரப்பி, எண்ணெய் நிறைய ஊற்றி விளக்கையும் ஏற்றிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கொத்துக் கொத்தாகக் கொன்றைப்பூ. விடியும் முன்பு வீட்டுக்காரி எழுந்து, தூங்குகிறவர்களை ஒவ்வொருவராக எழுப்பி, கண்ணைப் பொத்தி நடத்திக் கூட்டிவந்து அதன் முன்னால் கையை எடுப்பாள். வருடத்தின் முதல் பார்வை அதில் விழ வேண்டும். கனி காணுதல் என்று இதற்குப் பெயர். மாம்பழம் கிடைக்காவிட்டால் சமாளித்துவிடலாம். கொன்றை இல்லாவிட்டால் அது வெறும் காய்கறித் தட்டு.

நான் கோமதி. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் மேலகரம் எனக்குப் பிறந்த ஊர். கணவருக்குச் செங்கோட்டை. ஸ்டுட்கார்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூருக்கு நாங்கள் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையற்கூடத்தில் மேற்பார்வையாளர். இத்தனை வருடத்தில் ஒரு விஷுவைக்கூட நான் விட்டதில்லை. ஆனால் வைத்ததெல்லாம் தென்காசிக் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் கொன்றை. வருடத்துக்கு ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, பால்கனியில் உலர்த்தி, கனி முடிந்ததும் மடித்துப் பெட்டியில் போட்டுவிடுவேன்.

எங்கள் ஒரே மகள் நித்யாவுக்குப் பதினாறு வயதானபோது அந்தப் பூவின் குட்டு வெளிப்பட்டது. கண்ணைத் திறந்தவள் கையை நீட்டி ஒரு இதழைக் கிள்ளிப் பார்த்தாள்.

"இது பிளாஸ்டிக்தானே? பிளாஸ்டிக்கைக் காட்டவா என்னை அஞ்சு மணிக்கு எழுப்புதே?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் வந்ததே அவள் கேட்டது நியாயம் என்பதால்தான். அதற்குப் பிறகு வந்த விஷுக்களில் அவள் கனி காணவில்லை. ஒரு வருடம் பரீட்சை, ஒரு வருடம் தோழி வீடு, அப்புறம் வேறு ஊரில் பல்கலைக்கழகம். இப்போது அவளுக்கு இருபத்தொரு வயது. ஆகஸ்டில் மேற்படிப்புக்கு நார்வே போகிறாள். எங்களைவிடக் குளிர் தேடிப் போகிறாள். இரண்டு வருடம்தான் என்கிறாள். நானும் அப்படிச் சொல்லிவிட்டுத்தான் ஊரிலிருந்து கிளம்பினேன்.

பிப்ரவரியில் அவளாகவே போன் செய்தாள். "இந்த வருஷம் விஷுவுக்கு வாரேம்மா. ஆனா பிளாஸ்டிக் வச்சியோ, நான் எந்திரிக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. இந்த வீட்டில் அவளுக்கு இதுதான் கடைசி விஷுவாக இருக்கலாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், உயிருள்ள மஞ்சள் பூ இல்லாமல் இந்த வருடம் கனி வைப்பதில்லை என்று.

2

இந்த ஊர்ப் பூக்களோடு பழக எனக்குப் பல வருடம் ஆனது. பிளாஸ்டிக்கைப் பற்றி மகள் கேட்ட பிறகுதான் ஒழுங்காகப் பழகினேன் என்று சொல்ல வேண்டும். நவம்பரில் விரல் விறைக்க விறைக்கத் தொட்டியில் பூக்கிழங்கு நட வேண்டும். தைப்பொங்கல் சமயத்தில் பச்சை மூக்கை நீட்டும். அதிலிருந்து சித்திரை வரை எங்கள் வீட்டில் ஒரு ஜன்னல்கூடச் சும்மா இருக்காது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். டியூலிப் வெட்டி ஜாடியில் வைத்த பிறகும் வளர்ந்துகொண்டே இருக்கும், வெளிச்சம் இருக்கிற பக்கமாகக் கழுத்தைத் திருப்பும். தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஜாடியைத் திருப்பி வைப்பேன். மஞ்சள் நிற டாஃபடில் தனிக்குடித்தனம் கேட்கிற பூ. அதன் காம்பிலிருந்து வழிகிற பால் தண்ணீரைக் கெடுத்துவிடும், டியூலிப்போடு ஒரே ஜாடியில் வைத்தால் டியூலிப் மறுநாளே தலை தொங்கிவிடும். ஹயசிந்த் நம் சம்பங்கி மாதிரிதான் இருக்கும், ஆனால் மணம் மண்டையைப் பிளக்கும். அதை வீட்டுக்குள் வைத்தால் இவர் தும்மியே செத்துவிடுவார் என்பதால் அதற்குப் பால்கனிதான் கதி.

வருகிறவர்கள் வீடு அழகாக இருக்கிறது என்பார்கள். எனக்கு அழகு போதாது. ஏப்ரல் பதினான்காம் தேதி வேண்டும். கொன்றை என்றால் சித்திரைக்குச் சொல்லி வைத்த மாதிரி வரும். குற்றாலத்தில் அருவி வறண்டு, கடைகள் பூட்டிக் கிடக்கிற நாளில் ஐந்தருவிச் சாலையோரம் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே பூவுக்குக் காலண்டர் கிடையாது. ஒரு வருடம் பிப்ரவரியில் வெயிலடித்தால் எல்லாம் முந்திக்கொள்ளும், இன்னொரு வருடம் ஏப்ரலில் பனி கொட்டி எல்லாம் பிந்திவிடும். போன வருடம் ஃபோர்சித்தியாவை நம்பியிருந்தேன். விஷுவன்று அதில் இலைதான் இருந்தது. மறுபடி பிளாஸ்டிக்தான் வைத்தேன்.

அதனால் இந்த வருடம் பூக்கடைப் பெண்ணிடம் போனேன். "பூ தூங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து எழுப்ப வேண்டும்" என்று என் ஜெர்மனில் கேட்டேன். மொட்டை நிறுத்தி வைப்பதற்கு அவர்கள் மொழியில் வேறு சொல் இருக்கிறதாம். ஆனாலும் அவளுக்குப் புரிந்துவிட்டது. மொட்டாக இருக்கும்போதே குச்சியை வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, குளிர்ந்த இருட்டான இடத்தில் வாளியில் நிறுத்த வேண்டும். வேண்டிய நாளுக்குக் கொஞ்சம் முன்னால் மேலே கொண்டுவந்து, நுனியைச் சாய்வாக வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் பூத்துவிடும். கடைக்குப் பின்னாலிருந்த அவளுடைய ஃபோர்சித்தியாவில் இன்னும் மொட்டு விரியவில்லை. ஒரு கட்டு வெட்டித் தந்தாள்.

எங்கள் கட்டடத்துக்கு நிலவறை உண்டு. ஆளுக்கொரு தடுப்பு. எங்கள் தடுப்புக்குள் வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, அங்கே பூவும் தூங்காது ஆளும் தூங்க முடியாது. நடைபாதைக் கோடியில் வடக்கு ஜன்னலுக்குக் கீழே நல்ல குளிர். அங்கே வாளியை நிறுத்தினேன். தினமும் வேலை முடிந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழே போய்த் தாளை நனைத்துவிட்டு வருவேன்.

"கொன்னப்பூவுக்கு நீ படுகிற பாட்டை எனக்குப் பட்டிருந்தா நான் இந்நேரம் மந்திரியாயிருப்பேன்" என்றார் இவர். செங்கோட்டைக்காரர் வாயில் கொன்றை எப்போதும் கொன்னைதான்.

3

விஷுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீழே போனால் வாளியைக் காணவில்லை.

கட்டடத்தைப் பராமரிக்கிற லாங் என்பவரின் கதவைத் தட்டினேன். நல்ல மனிதர்தான். விதி என்று வந்துவிட்டால் மட்டும் பெற்ற தாயையும் தெரியாது.

"நடைபாதையில் பொருள் வைக்கக்கூடாது. தீப்பிடித்தால் வெளியேறுகிற வழி அது" என்றார்.

"அது பொருள் இல்லை. பூ."

"நான் பார்த்தபோது பூ இல்லையே. குச்சிதானே இருந்தது."

"அடுத்த வாரம் பூக்கும்!"

"அடுத்த வாரம் வரை தீ காத்திருக்குமா?" என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். குச்சிகள் காலையிலேயே குப்பை வண்டியில் போய்விட்டன. இனிமேல் வைப்பதென்றால் நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்கலாம், நான்கு வாரத்தில் பதில் வரும் என்று சொல்லி, கழுவித் துடைத்த வாளியைத் திருப்பித் தந்தார்.

அந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது எனக்கு அழுகை வந்தது. எத்தனையோ அலுவலகத்தில் காத்துக் கிடந்திருக்கிறேன், விசாவுக்கும் வாடகை வீட்டுக்கும் அலைந்திருக்கிறேன். ஒரு கட்டுக் குச்சிக்காக அழுவேன் என்று நினைத்ததில்லை.

4

அந்த வாரம் முழுக்க இல்லத்தில் வேலை நெருக்கியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பதின்மூன்றாம் தேதி, மறுநாள் விஷு. சனிக்கிழமை மத்தியானம் மேலகரத்துக்குப் போன் போட்டேன். எடுத்தது மதினி, என் அண்ணன் மனைவி. நான் நடந்ததைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏட்டி கோமு, அங்கன இருந்துக்கிட்டுக் கொன்றைக்கு அழுதியாக்கும்? இங்கனயே பூ இல்ல. மாசியிலயே பூத்து உதிந்து போச்சு. ரோட்டை அகலமாக்குதோம்னு மெயின்ரோட்டு மரத்தையும் வெட்டிட்டாவ. ஐந்தருவிப் பக்கம் ரெண்டு மரம் நிக்கி. அதுலயும் கார்ல வந்து ஒடிச்சிட்டுப் போயிருதாவ."

"அப்ப நீங்க என்னத்தை வைப்பீங்க மதினி?"

"பிளாஸ்டிக்தான். அலசிக் காயப்போட்டிருக்கேன். என்ன குறைச்சல் அதுக்கு? நீ எதுக்கு இந்தப் பாடு படுத? உன் மவ எந்திரிச்சுப் பார்த்தாத்தானே?"

மதினி மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்கிறவள் இல்லை. ஆனால் அது சுருக்கென்று தைத்தது.

"அவ எந்திரிப்பா மதினி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு பூக்கடைக்கு ஓடினேன். சிவப்பு டியூலிப்பும் ஊதாவும்தான் மிச்சம். என் பால்கனி டாஃபடில்கள் எப்போதோ வாடிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் கடை கிடையாது. "பேசாம அந்தப் பெட்டியைத் திற, நான் அலசித் தாரேன்" என்றார் இவர். நான் பெட்டியை எடுத்து, வேறு எங்கும் இல்லை, குப்பைத்தொட்டியிலேயே போட்டேன். போட்ட பிறகு எனக்கே பகீர் என்றது.

5

சமையலறை ஜன்னலில் நின்றால் கீழ்வீட்டுத் தோட்டம் தெரியும். திருமதி க்ரூபர் என்று தனியாக இருக்கிற ஒரு அம்மாள். அவருடைய டாஃபடில்கள் மதில் நிழலில் இருப்பதால் பிந்திப் பூக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவை வரிசை வரிசையாக, பளீரென்று நின்றன. இத்தனை வருடத்தில் அவர் எங்கள் மணியை இரண்டு தடவை அடித்திருக்கிறார். இரண்டும் புகார். அவர் மணியை நான் அடித்ததே இல்லை.

அன்று அடித்தேன். தங்கை வீட்டுக்குக் கிளம்பித் தொப்பியோடு நின்றவரிடம், நாளை எங்கள் புத்தாண்டு, சாமிக்கு மஞ்சள் பூ வேண்டும், தருவீர்களா என்று கேட்டேன். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, "தாராளமாக, தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தோட்டக் கதவைத் திறந்துவிட்டுப் போனார்.

இந்த ஊரில் தேவையானதை எடுத்துக்கொள் என்றால் ஐந்து பூ, மிஞ்சினால் ஏழு. எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் கூடை. நான் கூடையோடுதான் போயிருந்தேன். ஜாடிக்கு என்றால் எனக்கும் காம்போடு வெட்டத் தெரியும். சாமிக்குப் பூப்பறிப்பது என்றால் விரல் தானாகக் கழுத்துக்குப் போய்விடுகிறது. நகத்தால் கிள்ளிக் கிள்ளிக் கூடையில் போட்டேன். செடியைப் பிடுங்கவில்லை, இலையை மிதிக்கவில்லை, காம்பைக்கூட அதனிடமே விட்டுவிட்டோம் என்று மனதுக்குள் ஒரு திருப்தி வேறு.

வீட்டுக்கு வந்து ஈரத்துணியில் பரப்பி, நூலில் தொடுத்தேன். பால் பட்டு விரலெல்லாம் அரித்தது. டாஃபடில் தொடுக்கத் தோதான பூவே இல்லை, முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கும். இரண்டிரண்டாக முதுகு சேர்த்துக் கட்டினால் வழிக்கு வந்தது. கண்ணாடியின் இரண்டு பக்கமும் கொன்றை மாதிரியே நீளமாகத் தொங்கவிட்டேன். மிச்சத்தை உருளியில் மிதக்கவிட்டேன். கூடமே மஞ்சளாகிவிட்டது.

சாயங்காலம் மணி அடித்தது. திருமதி க்ரூபர், தொப்பிகூடக் கழற்றவில்லை.

"என் பாத்தியில் வெறும் காம்பாக நிற்கிறது. ஒரு பூவுக்கும் தலை இல்லை. யாரோ குச்சியால் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போலீசைக் கூப்பிடப் போகிறேன். நீங்கள் யாரையாவது பார்த்தீர்களா?"

எனக்குப் பயம் வந்தால் முதலில் ஓடிப்போவது ஜெர்மன்தான். "நான், நான்" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டுகிறேன், அவருக்குப் புரியவில்லை. அந்த நேரம் பார்த்து ரயில் பையோடு நித்யா மாடி ஏறி வந்தாள். கதவு திறந்து கிடக்கிறது, நாலு எட்டு வைத்தால் கூடம்.

"உள்ள வராதே! பார்க்காதே! திரும்பி நில்லு!" என்று தமிழில் கத்தினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எதிர்த்து ஒரு வார்த்தை கேட்பாள் என்றுதான் நினைத்தேன். கேட்கவில்லை. காலணியோடு அப்படியே கோட்டு மாட்டுகிற சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுவிட்டாள்.

"என்னம்மா பண்ணினே?" என்றாள் சுவரிடம்.

நான் சொன்னேன். அவள் கோட்டுகளைப் பார்த்தபடியே ஜெர்மனில் திருமதி க்ரூபரிடம் சொன்னாள். அடிக்கவில்லை, அம்மா பறித்திருக்கிறாள். எங்கள் பக்கம் சாமிக்குப் பூவைக் காம்போடு பறிக்கிற வழக்கம் இல்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

"இந்தப் பெண் ஏன் சுவரைப் பார்த்து நிற்கிறாள்?" என்று கேட்டார் திருமதி க்ரூபர்.

"நாளைக் காலை வரை நான் பார்க்கக்கூடாது" என்றாள் நித்யா.

அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. திருமதி க்ரூபரின் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் நெடுநேரம் பார்த்தார்.

"தண்ணீர் இல்லாமல் எத்தனை நாள் இருக்கும்?"

"நாளைக் காலை வரை."

"ஒரு காலைக்காகவா இத்தனையும்?"

"ஒரு காலைக்காகத்தான்" என்றேன். ஜெர்மன் திரும்பி வந்திருந்தது.

அவர் பெருமூச்சு விட்டார். வாடிய பூவின் தலையை அவரும் கிள்ளுவது உண்டாம், அப்போதுதான் கிழங்கு பருக்குமாம். "வாடிய பிறகு" என்று அழுத்திச் சொன்னார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இலையுதிர்காலத்தில் புதுக் கிழங்கு நட நான் வர வேண்டும், அவருடைய முழங்கால் இப்போது மடங்குவதில்லை என்றார். வருகிறேன் என்றேன். நித்யா அதன் பிறகு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு அவளுடைய அறைக்குப் போனாள்.

6

விடிகாலை ஐந்து மணிக்கு முதலில் நான் கனி கண்டேன். அப்புறம் இவரைக் கூட்டிவந்தேன். "அடேயப்பா" என்றார், அவ்வளவுதான், ஆனால் கண் கலங்கியிருந்தது.

நித்யாவின் கதவை மெதுவாகத் திறந்தேன். எழுப்ப வேண்டியிருக்கவில்லை. தலைமுடி பறக்க, கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"எவ்வளவு நேரமாட்டி உக்காந்திருக்கே?"

"பேசாம கூட்டிட்டுப் போம்மா. கண்ணு வலிக்கி."

அவள் என்னைவிட ஒரு சாண் உயரம். எட்டிப் பொத்தினேன். நடத்தி வந்து கையை எடுத்தேன். கண்ணாடிக்குள் மஞ்சள் சரங்களுக்கு நடுவில் அவள் முகம் தெரிந்தது. பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்தத் தடவை கிள்ளிப் பார்க்கவில்லை. குனிந்து முகர்ந்தாள்.

பிறகு, "அங்க ஏப்ரல்லயும் பனிதான் கிடக்கும். மஞ்சளுக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றாள்.

அழுவதற்குத் தயாராக இருந்த எனக்கு, அழ நேரமில்லாமல் போய்விட்டது. "கேளு" என்றேன். "கீழ்வீட்ல கேளு, மேல்வீட்ல கேளு. வெட்கப்படாம கேளு. எத்தனை பூ பறிக்கலாம்னும் மறக்காம கேட்டுக்கோ."

சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஆனா நானே ராத்திரி வச்சு, நானே காலையில பார்க்கணும். என் கண்ணை யாரு பொத்துவா?"

"என் கண்ணை யாரு பொத்துதா?"

அவள் என்னைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதை அவள் யோசித்ததில்லை. சொன்னேன். முழிப்பு வந்ததும் கண்ணைத் திறக்காமல் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு, நிலைப்படியை எண்ணிக்கொண்டு வருவேன். விளக்கின் சூடு முகத்தில் பட்டதும் நின்று கண்ணைத் திறப்பேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் சித்திரையிலிருந்து அப்படித்தான்.

"தனியாவா? விழுந்ததே இல்லையா?"

"ரெண்டு தடவை. போ, உன் ரூமுக்குப் போ. கண்ணை மூடிக்கிட்டு நீயா வா, பாப்போம்."

"இப்பவா?"

"இப்பத்தான்."

போனாள். அறைக்குள்ளிருந்து "வாரேன்" என்று குரல் வந்தது. கண்ணை மூடியபடி வெளியே வந்து, ஒரு கை சுவரிலும் ஒரு கை காற்றிலுமாகத் தடவித் தடவி நடந்தாள். சாப்பாட்டு மேசைப் பக்கம் போய் நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டாள். இவர் பதறி எழுந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். அவள் நின்று, தடவிப் பார்த்து, வழியைப் பிடித்து, மறுபடி நடந்தாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விளக்குக்கு ஒரு முழம் தள்ளி, சொல்லாமலே நின்றாள்.